வேட்டிக்குப் பின்னால் நிலா

போன மாதம் எங்கள் பழைய மையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே சேர்ந்தவள். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழில்களை அறிமுகப்படுத்த ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்களாம். டாக்டர் வருகிறார், வங்கிக்காரர் வருகிறார், கம்ப்யூட்டர்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். பள்ளி பள்ளியாகப் போய்க் கலையைக் கொண்டு பாடம் நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, ஒரு ஸ்லைடு மதி, அது போதும். என்ன படிக்கணும், எங்க ஜோலி கிடைக்கும், சம்பளம் எவ்வளவு. நீங்க சொல்லித் தந்தா நான் டைப் பண்ணிக்கிடுவேன்" என்றாள்.

"ஸ்லைடுல அடங்குற ஜோலி இல்ல பிள்ளே இது" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அவள் கேட்டதில் என்ன பிழை? ஆயுசு முழுக்க ஒரு வேலையைச் செய்துவிட்டு அது என்ன வேலை என்று ஒரு பக்கத்தில் சொல்லத் தெரியாவிட்டால் குற்றம் என்னுடையது. அதனால் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. அவள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ரூபி. தெற்கே எல்லையோரத்தில் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போட்ட குடும்பம். சபையின் கிறிஸ்துமஸ் நாடகங்களில் தேவதூதனாக நின்று நின்று நாடகப் பைத்தியம் பிடித்தது. நாடகம் படித்தேன், நடித்தேன், தோற்றேன். "உன் முகத்தைவிட உன் கை நல்லா நடிக்குது" என்று ஓர் இயக்குநர் கேலியாகச் சொன்னார். அந்தக் கேலியை வைத்துத்தான் பிறகு நான் பிழைத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் குழந்தைகளுக்கான ஒரு கலை மையத்தில் சேர்ந்தேன். கை, அட்டை, விளக்கு, ஒரு துணித்திரை. இவற்றைக் கொண்டு வகுப்பறையில் நிழல் விழவைத்து, விதை முளைப்பதையும் மழை பெய்வதையும் கணக்கையும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அரசாங்கக் காகிதங்களில் எங்களுக்குப் பெயர் 'ரிசோர்ஸ் பர்சன்'. அதை வீட்டில் எப்படிச் சொல்வது? என் அம்மா கடைசிவரை ஊரில் "மகள் டீச்சராக்கும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தப் பள்ளி என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு வகுப்புக்குள் நுழைய எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் மைதாப் பசையின் வாசனை வருகிறது. முதலில் ஜன்னல்கள். பழைய செய்தித்தாள்களைப் பசை தடவி ஒட்டி எல்லா ஜன்னலையும் மூடுவோம். ஒரே ஒரு தாளில் மட்டும் பென்சில் முனையால் சின்னத் துளை போட்டு வைப்பேன். வெயில் நன்றாக இருந்தால், அந்தத் துளை வழியாக வெளியே இருக்கும் உலகம் எதிர்ச்சுவரில் தலைகீழாக வந்து படியும். மங்கலாகத்தான். தென்னைகள் மேலிருந்து கீழே தொங்கும். மைதானத்தில் யாராவது நடந்தால் ஓர் ஆள் தலைகீழாகச் சுவரில் ஊர்ந்து போவார். பிள்ளைகள் சத்தம் போட்டபடி உள்ளே வருவார்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகப் பழக, ஒவ்வொருவராக அந்தச் சுவரைப் பார்த்து அடங்குவார்கள். நான் வாய் திறக்கவே மாட்டேன். தூக்கத்தில் இருக்கும் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டது போல வகுப்பு முழுவதும் கனமாக, அமைதியாக என் கைக்கு வரும்.

அப்புறம்தான் வேட்டி. என் அப்பாவின் இரட்டை வேட்டியைப் பிரித்து ஒற்றையாக்கி, ஜன்னல் கம்பிக்கும் கரும்பலகை ஆணிக்கும் கயிறு கட்டி, கொடியில் துணி போடுவது போலவே கிளிப் மாட்டித் தொங்கவிடுவேன். காற்றில் ஆடாமலிருக்கக் கீழ் முனைகளில் கூழாங்கல் முடிச்சு. பின்னால் ஒரு பால்பொடி டின்னுக்குள் பல்ப். வேட்டியின் சிவப்புக் கரை மட்டும் வெளிச்சத்தில் கறுப்புக் கோடாக விழும். கீழ்க்கரையைத் தரை என்று வைத்துக்கொண்டு என் ஆட்களையெல்லாம் அதன்மேல் நடக்கவிட்டேன். மேல்கரை வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு விதியை மட்டும் நான் கறாராக வைத்திருந்தேன். பிள்ளைகள் வேட்டிக்குப் பின்னால் வரக்கூடாது. பக்கத்தில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிடுவேன். பறவை என்பது என் இரண்டு கை, மலை என்பது ஓர் அட்டைத் துண்டு என்று பார்த்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம் என்பது என் எண்ணம்.

எங்கள் மையத்தின் தலைவர் சுகுமாரன் சார். மலையாளி. நாடகக்காரர். தமிழும் மலையாளமும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பேசுவார். ஒரு பிளாஸ்க்கில் சீரகத் தண்ணீர், ஒரு குடை, இரண்டும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. என் வகுப்புக்கு வந்தால், பிள்ளைகளின் சிறிய பெஞ்சு ஒன்றை இழுத்துப் போட்டு, முட்டி மார்பில் இடிக்க உட்காருவார். வேட்டியைப் பார்த்து அல்ல. வேட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து. கடைசிவரை அப்படியே இருப்பார். என் நிழல்களை அவர் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்பது எனக்கு வெகுநாள் மனத்தாங்கலாக இருந்தது. யாருக்காக இத்தனை அட்டையை வெட்டினேன்?

வகுப்பு முடிந்ததும் பழவங்காடிக்கு நடப்போம். பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு சாயக்கடை. எனக்கு சாயா சொல்லிவிட்டு அவர் தன் சீரகத் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். கடைக்காரர் அதை மன்னித்திருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு எப்போதும் ஒரே கேள்வி கேட்பார். "ரூபி, ஒரு குட்டியப் பத்திப் பற." ஒரு குழந்தையைப் பற்றிச் சொல் என்று அர்த்தம்.

முதல் தடவை நான், "கிளாஸ் நல்லா இருந்தது சார்" என்றேன்.

"கிளாஸ்னு ஒரு குட்டி உண்டோ?" என்றார்.

வேட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு எப்படிக் குழந்தையைப் பார்ப்பது? காதால்தான். யார் மூச்சை இழுத்தது, யார் பெஞ்சில் காலை ஆட்டுவதை நிறுத்தியது, யார் பக்கத்துப் பிள்ளையிடம் முணுமுணுத்தது. எனக்கு அது படிய சில வருடங்கள் ஆயின. அதன்பிறகுதான் அவர் என்னை 'ஆர்ட்டிஸ்ட்' என்று பிறரிடம் சொல்ல ஆரம்பித்தார்.

கேரளத்தில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வகுப்புகள் கல்லூரியிலிருந்து பள்ளிக்கூடங்களுக்குள் வந்து சேர்ந்த காலம் அது. நகரத்துக்குள் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை, இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்று எங்கள் பெரிய பிள்ளைகளுக்குக் காட்டுங்களேன் என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருக்கிற வித்தையையெல்லாம் இறக்கினேன். பறவை படகாகி, படகு கிழவராகி, கிழவர் மழையாகிக் கரைந்தார். முடிந்ததும் பாதி வகுப்பு கையைத் தூக்கியது, நானும் இதைப் படிக்கிறேன் என்று. நான் பூரித்துப்போய் நின்றேன்.

சார் சாயக்கடையில் சீரகத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, "நீ காட்டினது ஜோலி அல்ல ரூபி. சினிமா" என்றார். "குட்டிகளுக்குக் காட்டலாம். விளிக்கக் கூடாது. நீ இன்னிக்கு விளிச்சு."

விளிப்பது என்றால் கூப்பிடுவது. எங்கள் வேலைக்கு நியமன உத்தரவு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. அந்த வழியில் ஒரு பிள்ளையை ஆசை காட்டிக் கூப்பிட்டுவிட்டு, நாளைக்கு அது கஷ்டப்பட்டால் யார் முகத்தில் விழிப்பது? அதனால் சார் முறையை மாற்றினார். பெரிய பிள்ளைகள் எங்கள் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டாம். அவர்களே ஒரு பாடத்தை எடுத்து, அதே வளாகத்தில் இருக்கும் நாலாம் வகுப்புக்கு நிழலில் நடத்திப் பார்க்கட்டும். முடிந்ததும் அவர்களிடமும் அதே கேள்வி. ஒரு குட்டியப் பத்திப் பற. பெரும்பாலோர் தங்களைப் பற்றித்தான் சொன்னார்கள். கை நடுங்கிற்று, அட்டை கிழிந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். அதில் தப்பில்லை, அந்த வயசு அப்படி. அவர்கள் சந்தோஷமாக வேறு வேலைகளுக்குப் போனார்கள்.

பிருந்தா அப்படி வந்தவள்தான். ப்ளஸ் ஒன், சயன்ஸ். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துப் பெண். பள்ளியில் மலையாளம் மட்டுமே பேசுவாள், அதையும் குறைவாக. ஒருநாள் நான் ஆட்டோக்காரரிடம் தமிழில் சண்டை போட்டதைக் கேட்டுவிட்டு அருகில் வந்தாள்.

"டீச்சரும் தமிழா? எங்காத்துத் தமிழ் மாதிரி இல்லியே."

"உங்காத்துத் தமிழ் மாதிரி உங்காத்துல மட்டுந்தான் உண்டு" என்றேன். அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

இலை உதிர்வது பற்றி யாரோ நடத்திய பாடத்தில் அவள் அட்டை இலைகளை மேலிருந்து விடுகிற வேலையை மட்டும் செய்தாள். முடிந்ததும் சார் எல்லாரையும் கேட்டார். அவள் முறை வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணாவது பெஞ்சுல ஒரு குட்டி. எல விழறப்பல்லாம் கையை நீட்டித்து. நிழலைப் பிடிக்க. கடைசி எலைக்கு மட்டும் நீட்டலை. ஏன்னு தெரியலை சார், அதையே நெனச்சுண்டிருக்கேன்" என்றாள். ஒரு கணம் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. சார் பிளாஸ்க்கை மூடி வைத்தார். நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அது சத்தியம். அவளாகத்தான் வந்து கேட்டாள். கோடை விடுமுறையில் மையத்தில் ஒரு மாதப் பயிற்சி நடக்கும், இந்த வேலையை உண்மையாகவே கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு. அதற்கு வரலாமா என்று.

இதில் என்ன பெரிய சங்கடம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அந்த ஒரு மாதம்தான் என்ட்ரன்ஸ் வகுப்பின் வெக்கேஷன் பேட்ச். டாக்டர், என்ஜினியர் நுழைவுத் தேர்வுக்கு அந்த விடுமுறையை விட்டவன் விட்டவன்தான் என்று இந்த நகரம் முழுக்க நம்பிய காலம். பிருந்தாவின் அப்பா அவளை ஏற்கெனவே அங்கே சேர்த்தாயிற்று. இரண்டும் ஒரே நேரம். ஒன்றுக்குப் போனால் மற்றது இல்லை.

அப்பா ஒருநாள் மையத்துக்கே வந்துவிட்டார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் உத்தியோகம். நெற்றியில் சந்தனம், கையில் டிபன் பாத்திரம், அலுவலகத்திலிருந்து நேரே வந்திருக்கிறார். சாயா வேண்டாம் என்றார். உட்காரச் சொன்னதற்கு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் பிருந்தாவோட அப்பா, சங்கரநாராயணன். கொழந்தை ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. கேட்டா நிழல்ங்கறா. எனக்கு ஒண்ணும் மனசிலாகலை. இது ஒரு ஜோலியா? நீங்களே சொல்லுங்கோ."

"ஜோலிதான் சார்."

"ஸ்திரமா இருக்குமா?"

"இருக்காது."

"பென்ஷன்?"

"கெடையாது சார்."

"அப்பறம் எதுக்குக் கொழந்தைகளுக்கு இதைக் காட்டறேள்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அதுதான் எனக்கு வலித்தது. மேஜைமேல் கிடந்த கத்திரிக்கோலை எடுத்து எடுத்து வைத்தேன். உள்ளே இருந்த சார் எழுந்து வந்தார்.

"நீங்க ஒரு நாள் வந்து காணணும்" என்றார்.

"கண்டா என் மனசு மாறும்னு நெனைக்கறேளா?"

"இல்ல. இப்ப காணாம வேண்டாம்னு சொல்றீங்க. அப்ப கண்டிட்டு வேண்டாம்னு சொல்லலாமே."

சங்கரநாராயணன் சார் நியாயமான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி. ஆனா நான் ஒரு தடவைதான் வருவேன்" என்றார். பிருந்தா தனியாக ஒரு பாடம் நடத்துவது, அவர் வந்து பார்ப்பது, பிறகு அவர் சொல்வதுதான் முடிவு என்று ஆயிற்று.

அவள் எடுத்துக்கொண்டது நிலா. ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஏனென்றால் நிலாவுக்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அட்டை நிலாக்கள். கீற்று, பாதி, முக்கால், முழுசு. ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினால் போதும், பிள்ளைகள் சொக்கிப்போவார்கள். டப்பாவை அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"டீச்சர், இது தேயறது இல்லியே. வெட்டினதுன்னா?"

"நாலாம் கிளாஸுக்கு இது போரும் பிள்ளே" என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"அப்பா அமாவாசை தவறாம தர்ப்பணம் பண்ணுவார். சின்ன வயசுல கேட்டேன், அன்னிக்கு சந்திரன் எங்கப்பா போறார்னு. சூரியனோட சேர்ந்துடறார்னு சொன்னார். எங்க சேர்றார்னு நான் இன்னும் பார்க்கலை டீச்சர்."

மறுநாள் தென்னை மரத்தடியில் உதிர்ந்து கிடந்த குரும்பைகளைப் பொறுக்கி, சுண்ணாம்பு பூசி, ஒவ்வொன்றிலும் ஒரு ஈர்க்குச்சியைச் செருகிக் கொண்டுவந்தாள். இந்த உருண்டைகள்தான் நிலாவாம். "உருண்டைய எப்படிப் பிடிச்சாலும் நிழல் முழு வட்டமாத்தான் விழும். கீத்து வராது" என்று எச்சரித்தேன். "தெரியும் டீச்சர்" என்றாள். கடைசி நேரத்தில் என் டப்பாவுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் நல்ல வெயில். சுவரில் தென்னைகள் தலைகீழாகத் தொங்கின. நாலாம் வகுப்பு வந்து அடங்கியது. சங்கரநாராயணன் சார் கதவருகே தயங்கி நின்றார். சுகுமாரன் சார் அவரை அழைத்துப்போய்த் தன் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்து, வேட்டிக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்தார்.

"இங்கேயா? இங்கேர்ந்து ஒண்ணும் தெரியாதே."

"தெரியும். இருங்க."

நான் பின்பக்கச் சுவரோரம், பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றேன். விளக்கு எரிந்தது. பிருந்தாவின் குரல் வந்தது. மலையாளத்தில், மெதுவாக, ஆனால் நடுங்காமல். தன் குழந்தை இத்தனை நீளமாகப் பேசி அவர் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார். வேட்டியில் குரும்பை கறுப்பு வட்டமாக எழுந்தது. இடது பக்கம் போயிற்று. கறுப்பு வட்டம். வலது பக்கம் வந்தது. கறுப்பு வட்டம்.

முன்பெஞ்சிலிருந்து ஒரு வாண்டு, "சேச்சி, இது எப்பழும் கறுத்தவாவு தன்னே" என்றது. எப்போதும் அமாவாசைதானா என்று கேட்கிறது. வகுப்பே சிரித்தது.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற பிள்ளை பலர் முன்னால் சறுக்கும்போது வருகிற குனிவு அது, எந்த அப்பாவுக்கும் வரும். வேட்டியில் கறுப்பு வட்டம் அப்படியே நின்றது. போயிற்று, அந்தக் கோடைப் பயிற்சி போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது அவள் சொன்னாள். "எங்கில் எல்லாரும் இங்கோட்டு வா."

அப்படியானால் எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கள்.

குறுக்கே போட்டிருந்த பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. என் விதி. அத்தனை வருடமும் நான் காப்பாற்றிய ஒரே விதி. தடுக்க ஓடினேன். சுகுமாரன் சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளங்கையை உயர்த்தினார். "மதி ரூபி" என்றார். நில் என்பதற்கும் போதும் என்பதற்கும் அவருக்கு அந்த ஒரு சொல்தான்.

பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி, அந்த இரண்டு பெரியவர்களையும் கடந்து வேட்டிக்குப் பின்னால் போனார்கள். பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. அந்தப் பக்கத்திலிருந்து பிருந்தாவின் குரல். விளக்கு சூரியன். நீதான் பூமி. குரும்பையைத் தலைக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடி. அப்படியே மெதுவாகச் சுற்று. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, பார். விளக்குக்கு நேரே பிடித்தால் உன் பக்கம் இருட்டு, கறுத்தவாவு. திரும்பு, ஒரு கீற்று. திரும்பு, பாதி. முழுக்கத் திரும்பு.

"கண்டோ?"

"ஆ" என்று ஒரு குழந்தை மூச்சை விட்டது. "கண்டு."

இந்தப் பக்கம் நின்ற எனக்கு வேறொன்று தெரிந்தது. வேட்டியில் அந்தப் பிள்ளைகளின் நிழல்கள் விழுந்துகொண்டிருந்தன. கை தூக்கிய பிள்ளைகள், பெரிதும் சிறிதுமாக, ஒருவர்மேல் ஒருவர் படிந்து, தூக்கத்தில் சுற்றுவது போல மிக மெதுவாகச் சுற்றினார்கள். பின்சுவரில் தென்னைகள் தலைகீழாக நின்றன. நான் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. என் ஆயுசில் நான் விழவைத்த எந்த நிழலும் அத்தனை அழகாக இருந்ததில்லை. அவை யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

எல்லாரும் போயும் ஒரு சின்னப் பெண் மட்டும் ஜன்னலோர பெஞ்சில் மிச்சமிருந்தது. வாயில் விரல். சங்கரநாராயணன் சார் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரைப் பார்த்தது. சுகுமாரன் சார் இருவரையும் பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார். பிறகு சங்கரநாராயணன் சார் டிபன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அதன் அருகில் போய்க் குனிந்து கையை நீட்டினார்.

"வா மோளே. நாமளும் போலாம்."

அது வாயிலிருந்து விரலை எடுத்து அந்த ஈர விரலாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் வேட்டிக்குப் பின்னால் போனார்கள். பிருந்தாவின் குரல் ஒரு நொடி நின்றது. வேட்டியில் ஓர் உயரமான நிழல், சற்றே கூன் விழுந்தது, ஒரு கையில் ஒரு குழந்தையோடு எழுந்தது. மற்றக் கையில் யாரோ குரும்பையைக் கொடுத்தார்கள்.

பிருந்தா தமிழில் சொன்னாள். "அப்பா, கையை இன்னும் கொஞ்சம் ஒசத்தணும். இப்ப மெதுவா சுத்துங்கோ."

அந்த உயரமான நிழல் சொன்னபடி கையை உயர்த்தி, மெதுவாகச் சுற்றியது.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. சுகுமாரன் சார் எதையும் கேட்கவில்லை. சங்கரநாராயணன் சார் செருப்பை மாட்டிக்கொண்டே தானாகச் சொன்னார்.

"அந்த ஜன்னலோரக் கொழந்தை இருக்கே டீச்சர், அதுக்கு இருட்டுன்னு பயமில்லை. மத்தவா தள்ளிவிட்டுடுவாளோன்னு பயம். எடம் விட்டா வரும்."

நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டோம். பிருந்தாவின் அப்பா இரண்டடி போய்த் திரும்பினார். "எத்தனை வருஷமா எள்ளும் ஜலமும் விடறேன். சூரியனும் சந்திரனும் சேர்றதுன்னு வாயால சொல்லுவேன். சேர்றதை இன்னிக்குத்தான் பார்த்தேன்." முடிவை மட்டும் அவர் சொல்லவில்லை. டிபன் பாத்திரத்தை மறந்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

சாயக்கடையில் சார் வெகுநேரம் சீரகத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "நாம கேக்காமலே அவர் ஒரு குட்டியப் பத்திப் பறஞ்சு" என்றார். பிறகு, "அவள் விளிச்சு, இல்லே?" என்றார். நான் தலையாட்டினேன். பிருந்தாவின் அப்பா சரி என்று சொல்ல வேண்டும் என்று தவித்தேன். சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தேன். என்னைப் போலவே நாளைக்கு இன்னொருத்தியும் தன் அம்மாவை 'டீச்சராக்கும்' என்று அரைப்பொய் சொல்லவைப்பாளே என்று இருந்தது. இரண்டும் நிஜம். இதை அந்த ஸ்லைடு கேட்ட பெண்ணுக்குச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

பிருந்தா பிறகு என்ன ஆனாள் என்று அந்த ஸ்லைடுப் பெண்ணுக்கே தெரியும். தினமும் பார்க்கிறாள். என்னை அழைக்கச் சொன்னதே பிருந்தாதான். மையத்தை இன்று நடத்துகிறவள் அவள். சுகமாக நடத்துகிறாள் என்று சொல்ல மாட்டேன். நல்லவிதமாக நடத்துகிறாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வந்தால் முதலில் அவர்களை வேட்டிக்குப் பின்னால் நிறுத்துகிறாள். என் பெஞ்சை எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

கோடைப் பயிற்சியின் முதல் நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். மற்றவர்கள் வந்து, பசை கலக்கி, ஜன்னலுக்குத் தாள் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பிருந்தாவைக் காணோம். வெக்கேஷன் பேட்ச் தொடங்கியதும் அதே நாள்தான். சார் குடையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் எட்டிப் பார்த்தேன். கடைசியில் வந்தாள். கையில் ஒரு துணிப் பொட்டலம்.

"அப்பா குடுத்தார். டிபன் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிண்டு வரச் சொன்னார்."

பிரித்தேன். புது ஒன்பதைந்து வேட்டி. பண்டிகைக்கு எடுத்து வைத்தது, மடிப்புக் கலையவில்லை. விரித்தபோது கரை இல்லை. இரண்டு ஓரத்திலும் ஜரிகையைக் கத்திரித்து எடுத்திருந்தார்கள். கத்திரி பழக்கமில்லாத கை, ஓரம் நெளிந்து நெளிந்து போயிருந்தது.

"பின்னாடி போறப்போ பார்த்தாராம், கரை கறுப்பா நிலாவுக்குக் குறுக்கே விழுந்துதாம். ராத்திரி தானே உட்கார்ந்து வெட்டினார்" என்றாள். துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "டீச்சர், கரையில்லாம இதை இனிமே அப்பா எந்த விசேஷத்துக்கும் உடுத்திக்க முடியாதே."

"தெரிஞ்சுதானே மக்கா வெட்டியிருக்காரு" என்றேன்.

அவள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறு முனையைப் பிடித்தேன். கயிற்றில் மாட்டினோம்.